பனிச்சங்கேணிக் கரையும் கொல்லிமலைச் சபையும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலையை நோக்கி வடக்கே செல்லும் கரையோரப் பாதை, வாழைச்சேனையையும் மாங்கேணியையும் கடந்து, வாகரையைச் சேருமுன்னர் ஒரு நீர்ப்பரப்பைத் தாண்டுகிறது. ஒரு புறம் வங்கக் கடல், மறுபுறம் களப்பு. அவ்விடத்துக்குப் பனிச்சங்கேணி என்று பெயர். பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்து அமைந்த பெயர் அது. பனிச்சங்காயின் துவர்ச்சாற்றில் தோய்த்தெடுத்த வலை உப்பு நீரில் விரைவில் இற்றுப்போகாது என்பதை நைலோன் வலை வருவதற்கு முன் தொழில் செய்த மீனவர் நன்கு அறிவர்.

இக்கரையில் வாழ்வோருள் ஒரு பகுதியினர் தம்மை வேடர் என்று சொல்லிக்கொள்வர். தமிழ் பேசுகின்ற இவ்வேடர் ஊர்களில் இன்று சிறு சிறு கிறிஸ்தவ சபைகள் பல உள்ளன. கோபுரமும் மணிக்கூண்டும் கொண்ட பழைய தேவாலயங்கள் அல்ல அவை. நாலு சுவரும் ஒரு கூரையும் உள்ள சிறு கட்டிடங்கள். சில இடங்களில் மரநிழலே கூடுமிடம்.

இத்தகைய சபைகளைப் பற்றி நாட்டிலே ஒரு வழக்கு நெடுநாளாக உண்டு. ‘சோற்றுக்காக வேதத்திற் சேர்ந்தவர்கள்’ என்பது ஒரு சாராரின் கூற்று. ‘மனம் திரும்பியவர்கள்’ என்பது மற்றொரு சாராரின் கூற்று. 2004ஆம் ஆண்டிலே இவ்வழக்கு பாராளுமன்றம் வரை சென்றது. வற்புறுத்தியும் ஆசை காட்டியும் மதம் மாற்றுதலைத் தடை செய்யும் சட்டமூலம் ஒன்றை ஜாதிக ஹெல உறுமயவினர் அவ்வாண்டு கொண்டுவந்தனர். அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு மாறுபட்டவை என உயர் நீதிமன்றம் கண்டது. அவ்வாண்டு முடிவதற்குள், டிசம்பர் 26ஆம் நாள், கடல் பொங்கி வாகரைக் கரையை வாரிக்கொண்டு போயிற்று. பின்னர் உதவி வந்தது. உதவியோடு பழைய வழக்கும் திரும்பி வந்தது.

கிராமத்துச் சபை ஒன்று எவ்வாறு தோன்றுகிறது? அது வளர்ந்தது என்று எதைக் கொண்டு சொல்வது? இக்கேள்விகளுக்கு இக்கரையிலேயே ஒரு பழங்கதை உண்டு. ஆயினும் முழுமையான விடையைக் காண இக்கரையை விட்டுச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்புக்கு வந்த முதல் புரட்டஸ்தாந்து மிஷனரி வில்லியம் ஓல்ட். மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். 1814இல் வந்தார், பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார், 1815 ஏப்ரலில் மண்ணுக்குள் போனார். ஓராண்டுகூட நிறையவில்லை. அவர் பின் வந்தவர்களுள் ரால்ப் ஸ்டொட் என்பவர் காடு மேடெல்லாம் அலைந்தவர். ஸ்டுவார்ட் மக்கென்சி இலங்கைத் தேசாதிபதியாக இருந்த 1837 முதல் 1841 வரையான காலத்தையொட்டி, வேடரைக் குடியேற்றி நாகரிகப்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் அரசாங்கத்தாருக்கு உண்டாயிற்று. ஸ்டொட்டும் அவரைச் சேர்ந்தோரும் அவ்வேலையில் இறங்கினர்.

1845 முதல் இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், இம்முயற்சியைத் தம் நூல்களிற் குறித்து வைத்திருக்கிறார். ஏறாவூருக்கும் வெந்தலோஸ் குடாவுக்கும் இடைப்பட்ட காட்டிலே நானூறு ஐந்நூறு கரையோர வேடர் இருந்தனர். மீனவருக்கு வலைவேலையில் உதவி செய்தும், முஸ்லிம் வணிகருக்கு மரம் தறித்தும் பிழைத்தனர் என்கிறார். வெந்தலோஸ் குடா என்பது பனிச்சங்கேணிக்குத் தெற்கே அண்மையில் உள்ள குடாதான். அவர்களுக்குக் குடிசைகள் கட்டப்பட்டன, காடு வெட்டி நிலம் தரப்பட்டது, பள்ளிக்கூடமும் எழுந்தது. பலர் ஞானஸ்நானமும் பெற்றனர். குடியேற்றங்களுட் சில நிலைத்தன, சில கைவிடப்பட்டன.

நிலமும் குடிசையும் ஞானஸ்நானமும் ஒரே கையிலிருந்து வந்தால், பெறுகின்றவன் எதற்காகக் கையை நீட்டுகிறான் என்று யார் சொல்ல முடியும்? அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து, செலிக்மன் தம்பதியர் இந்நாட்டு வேடரைப் பற்றி ஆராய வந்தனர். அவர்களது நூல் 1911இல் வெளியாயிற்று. கிழக்குக் கரை வேடர் ‘கப்பற்பேய்’ என்னும் தெய்வத்துக்குச் சடங்கு செய்வதை அந்நூல் விவரிக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் வருகின்ற ஆவிகளாம் அவை! ஒரு தலைமுறைக்கு முன் கப்பலில் வந்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் அப்பெயர் பொருளற்றதன்று.

ஸ்டொட்டைக் குறை சொல்வதற்கில்லை. உழைப்புக்கு அஞ்சாதவர். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகள் கப்பல் கப்பலாகக் கொண்டு செல்லப்பட்டபோது, முதுமையின் வாசலில் நின்ற அவர், மட்டக்களப்பிற் கற்ற தமிழைத் துணையாகக் கொண்டு டேர்பனுக்குச் சென்று அவர்களிடையே ஊழியம் செய்தார். குறை மனிதரிடத்தில் இல்லை, முறையில் இருந்தது.

கிராமத்துச் சபை பற்றிய இக்கேள்வியைப் பாப்திஸ்து சபையாரின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அதற்குக் காரணம் அவர்களது கோட்பாடே. கைக்குழந்தைக்கு அவர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வயது வந்த ஒருவர், தம் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்து, பலர் முன்னிலையில் ஆற்றிலோ குளத்திலோ முழுவதும் மூழ்கி எழவேண்டும். அவ்வாறு மூழ்கி எழுந்தோர் கூடுவதே சபை. தன் காரியத்தை அதுவே கூடி முடிவு செய்யும். ஊர்த் தலைவன் சேர்ந்தான் என்பதற்காக ஊர் முழுவதையும் ஏட்டில் எழுதிக்கொள்ள இங்கே வழியில்லை. தகப்பனுடைய விசுவாசம் மகனுக்குக் கணக்காகாது. எனவே இச்சபையின் வளர்ச்சி ஒருவர் ஒருவராக எண்ணப்படுவது. நாட்டுப்புறத்தில் அது மிகக் கடினமான ஏற்பாடு. குளத்தில் இறங்குகின்ற ஒருவனை ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்கும். கரையேறிய பின் அவனுக்குப் பெண் கொடுப்பார் யார், அவனோடு கிணற்றைப் பகிர்வார் யார் என்பதும் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடும்.

இலங்கைக்கு மெதடிஸ்தர் வருவதற்கு ஈராண்டு முன்னரே, 1812இல், பாப்திஸ்து மிஷனரி ஜேம்ஸ் சேட்டர் கொழும்பில் வந்திறங்கினார். ஆயினும் அவர்களது வேலை பெரிதும் சிங்களக் கிராமங்களிலேயே வேர்கொண்டது. பாப்திஸ்து சபையின் நாட்டுப்புற வரலாற்றைத் தெளிவாகக் காண வங்கக் கடலின் எதிர்க்கரைக்குச் செல்ல வேண்டும். அங்கே இரண்டு கதைகள் உள்ளன. ஒன்று பெருங்கூட்டத்தின் கதை. மற்றொன்று வெறுங்கையின் கதை.

முதற்கதை தெலுங்கு நாட்டு ஒங்கோலைச் சேர்ந்தது. 1867ஆம் ஆண்டின் முதல் நாளில் எட்டுப் பேருடன் அங்கே அமெரிக்க பாப்திஸ்து மிஷனின் சபை அமைந்தது. ஜான் கிளௌ என்பவர் மிஷனரி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் வேலையில் மூன்று மைலுக்கு மேற்பட்ட பகுதியைக் கிளௌ குத்தகையாக எடுத்தார். பட்டினியால் வாடியவர்களுக்கு வேலையும் கூலியும் கிடைத்தன. மண் சுமந்தவர்களுள் பலர் சபையிற் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டனர். கிளௌ மறுத்துவிட்டார். நிவாரணப் பணம் தம் கையால் செல்லுமளவும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று மாதக்கணக்காகப் பிடிவாதம் செய்தார். உதவி நின்றது, கூட்டம் நிற்கவில்லை. 1878 ஜூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் மூழ்கி எழுந்தனர். போதகர்கள் இருவர் இருவராக நீரில் நின்று, களைத்தபோது மாறி மாறி அவ்வேலையைச் செய்தனர்.

எண் பெரியது, ஆகவே உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் இக்கதையிற் கவனிக்க வேண்டியது 2,222 என்னும் எண்ணன்று. அதற்கு முன் ஒருவரையும் சேர்க்காதிருந்த மாதங்களே. அந்த மறுப்பு இல்லாதிருந்தால் அவ்வெண்ணுக்கு மதிப்பில்லை. அந்த மறுப்புக்குப் பின்னும், தீண்டாமையால் நசுக்கப்பட்ட மாதிகர் முதலிய குலத்தார் திரண்டு வந்தது ஏன் என்பதற்குச் சோறு மட்டும் விடையாகாது. தம்மை மனிதராக மதித்த இடத்தை நோக்கி அவர்கள் வந்தனர் என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது கதை தமிழ் மண்ணுக்குரியது. வல்வில் ஓரியைச் சங்கப் புலவர் பாடிய கொல்லிமலையில் நிகழ்ந்தது. அம்மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இந்நாளில் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட பாதையில் மோட்டார் வண்டிகள் ஏறுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்நடையாகவோ டோலியிலோதான் ஏற முடியும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கே இராத்தங்குவதில்லை. அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரைக் குறிப்பதன்று இச்சொல்; மலையை ஆள்வோர் என்று பொருள். காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிமாரின் வழியினர் தாம் என்று சொல்லிக்கொள்ளும் தமிழர். மலை பல நாடுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் தலைவரும் பூசாரியும் உண்டு.

இலண்டனிலே 1861இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ரிக்ட் பாப்திஸ்து மிஷன் சேலம் ஜில்லாவிலே சேந்தமங்கலத்தில் வேலை செய்துவந்தது. 1907இல் ஜெசி பிராண்ட் என்னும் இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். வருமுன் ஓராண்டு வைத்தியப் பயிற்சி பெற்றிருந்தார். டாக்டர் பட்டம் பெற்றவரல்லர். மலைமேல் இருப்போர் காய்ச்சலிற் சாகிறார்கள், ஒருவரும் ஏறிப் பார்ப்பதில்லை என்று கேள்வியுற்று ஏறிச் சென்றார். 1913இல் எவலின் ஹாரிஸ் என்னும் மங்கையை மணந்தார். இலண்டனிற் செல்வக் குடும்பத்தில் ஓவியம் பயின்று வளர்ந்தவர் அவர். மணமான கையோடு இருவரும் மலைக்குக் குடியேறினர்.

வாழவந்தியில் அவர்கள் வீடு எழுந்தது. கரையான் ஏறாதிருக்க, தூண்களின் தலையிலே கவிழ்த்த சட்டிபோன்ற தகரத் தட்டுகளை வைத்து, அவற்றின் மேல் மரவீடு கட்டினார் பிராண்ட். அதன் தாழ்வாரமே மருந்துச்சாலை. பல் பிடுங்குவது, புண் கழுவுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது ஆகியவை அன்றாட வேலைகள். நரம்புச் சிலந்தி என்னும் நோய் மலையெங்கும் இருந்தது. குடிநீரோடு உட்சென்ற கிருமி ஓராண்டில் முழநீளப் புழுவாகிக் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். பிடித்திழுத்தால் அறுந்துபோகும், அறுந்தால் உள்ளே சீழ் வைக்கும். ஆகவே ஒரு குச்சியிற் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாக இழுத்தெடுக்க வேண்டும். பிராண்ட் அதனைப் பொறுமையாகச் செய்தார். அதனினும் மேலாக, படிகளில் இறங்கிக் காலை நனைத்து நீர் மொள்ளும் கிணறுகளே நோய்க்கு மூலம் என்று எடுத்துக் கூறி, சுற்றுச் சுவர் எழுப்பச் செய்தார். இந்தியா அந்நோயிலிருந்து முற்றும் நீங்கியது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில்தான்.

தச்சு, நெசவு முதலிய தொழில்களையும் கற்றுக்கொடுத்தார். ஊர் ஊராக நடந்து பிரசங்கமும் செய்தார். மருந்தை எல்லாரும் வாங்கிக்கொண்டனர். பிரசங்கத்தையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டனர். ஐந்தாறு ஆண்டுகள் சென்றன. குளத்தில் இறங்க ஒருவரும் வரவில்லை.

இதற்கு ஒரு காரணம் பூசாரி. புதியவர் கூறுவதைக் கேட்டால் மலைத்தெய்வம் சினங்கொள்ளும் என்று அவர் சொல்லிவந்தார். அவருடைய நிலையிலிருந்து நோக்கினால் அது குற்றமன்று. அவர் காத்த ஒழுங்கு அவருக்கு முந்தியது. மருந்து கொடுக்கும் கைக்கு நன்றி செலுத்துவது வேறு, முன்னோர் தெய்வத்தைக் கைவிடுவது வேறு என்று பிரித்தறிந்த மலைமக்களின் தெளிவும் பாராட்டுக்குரியதே. வாகரைக் கரையிலே மிஷனரிமார் இப்பிரிவினைக்கு இடம் வைக்கவில்லை. கொல்லிமலையிலோ, சேராதவனுக்கும் மருந்து நின்றபாடில்லை.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. வீட்டுக்கு வீடு சாவு. நோயாளியை விட்டு உறவினர் காட்டுக்கு ஓடினர். பிராண்ட் தம்பதியர் அண்டா அண்டாவாக அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகச் சுமந்து சென்று, கிடந்தவர்களின் வாயில் ஊற்றினர். அக்காய்ச்சலுக்கு அன்று மருந்தே இல்லை. கஞ்சியும் துணையுந்தான் மருந்து.

பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தனர். அவ்வீட்டை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கஞ்சிக் கலயத்தோடு வந்தவர் பிராண்ட் ஒருவரே. சாகுந்தறுவாயிலே பூசாரி ஒரு முடிவு செய்தார். தம் கைக்குழந்தையான மகளையும் அவளுக்கு மூத்த பையனையும் அந்த வெள்ளைக்காரத் தம்பதியரிடம் ஒப்படைத்தார். எல்லாரும் விட்டுப் போன வேளையில் வந்தவருடைய கடவுளே மெய்க்கடவுளாக இருக்க வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். எவலின் அக்குழந்தையைத் தம் மகளாக வளர்த்தார்.

இச்செய்தி மலையெங்கும் பரவியது. எதிர்த்து நின்றவர் தம் பிள்ளைகளையே கொடுத்துவிட்டார் என்னும்போது, பயந்து நின்றவர்களின் பயம் தளர்ந்தது. ஒருவர் இருவராகச் சபை உண்டாயிற்று. ஒங்கோலின் பெருங்கூட்டத்தோடு ஒப்பிட்டால் அதனைக் கூட்டம் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும். ஆயினும் அந்தச் சபைக்கு ஒரு சோதனை காத்திருந்தது.

1929 ஜூன் மாதத்தில் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. மகன் பாலும் மகளும் இங்கிலாந்திற் படித்துக்கொண்டிருந்தனர். தந்தை இறந்த செய்தி தந்தியிற் போயிற்று. ஆனால் கப்பல் தபாலில் அவர் முன்னரே எழுதியிருந்த கடிதங்கள் அதன் பின்னரும் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு மனிதனை நம்பி எழுந்த சபையாயின் அத்துடன் கலைந்திருக்கும். அது கலையவில்லை.

எவலினும் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். கொல்லிமலையில் அல்ல, மிஷன் அவரைச் சமவெளிக்கு அனுப்பிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் ஓய்வு பெற வேண்டும் என்று மிஷனார் கூறியபோது, இன்னும் ஓராண்டு மட்டும் என்று கேட்டு வாங்கினார். அவ்வோராண்டு முடிந்த நாளில், மிஷனிலிருந்து விலகிவிட்டேன், மலைக்குப் போகிறேன் என்று அறிவித்தாராம். சம்பளமில்லை, கேள்வி கேட்பாரும் இல்லை. மட்டக் குதிரையில் ஏறி, விழுந்து எலும்பு முறிந்த பின்னும் மூங்கிற் கோல்களை ஊன்றி, கொல்லிமலை மட்டுமன்றிப் பச்சைமலை, கல்வராயன் மலை என்று கணவர் எண்ணி வைத்திருந்த மலைகளிலெல்லாம் அலைந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தம் வீட்டில் வைத்திருக்கவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். அந்த மகன்தான் வேலூர் மருத்துவக் கல்லூரியிலே, குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் எவலின் இறந்தார். மலைமேல் கணவரின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இக்கதையில் ஒரு குறை உண்டு. இதனை எழுதி வைத்தவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து சென்றவர்களே. வெள்ளைக்காரரின் பெயர்களும் தேதிகளும் அச்சில் உள்ளன. முதன்முதல் குளத்தில் இறங்கிய மலைவாசியின் மனத்தில் அன்று என்ன இருந்தது, கரையேறியபோது அவன் அண்ணன் தம்பிமார் என்ன சொன்னார்கள் என்பது அத்துணைத் தெளிவாக இல்லை. சபையைத் தாங்கியவர்கள் அவர்கள். சமவெளியிலிருந்து மருந்துப் பெட்டியைத் தலையிற் சுமந்து ஏறியவர்களும் அவர்களே.

பனிச்சங்கேணிக் கரைக்கும் இது பொருந்தும். வாகரை மக்கள் கடல் கொண்டு போன வீடுகளை மீண்டும் கட்டி முடிப்பதற்குள் 2006ஆம் ஆண்டின் போர் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலைமீது எறிகணைகள் விழுந்து பலர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானது. தெற்கே முகாம்களில் இருந்த மக்கள் அவ்வாண்டிலேயே மீளக் குடியேறத் தொடங்கினர். அம்மக்களோடு அவர்களது சிறு சபைகளும் கலைந்து, மறுபடியும் கூடின. உதவியை வாங்கிக்கொண்டு போனவர் யார், உதவி நின்ற பின்னும் கூடுகின்றவர் யார் என்பது அவ்வூராருக்குத் தெரியும். தூரத்திலிருந்து வழக்காடுவோருக்குத் தெரியாது.

ஓலைக் கூரையின்கீழ் கூடும் சபைக்கு முதியோரின் நினைவே பதிவேடு. முதலில் அங்கு வந்து தங்கியவர் யார், எந்தக் காய்ச்சலின்போது, எந்த வெள்ளத்தின்போது. முதன்முதல் மூழ்கி எழுந்தவர் ஆணா, பெண்ணா. அது களப்பிலா, கடலிலா. அன்று கரையில் நின்று பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள். கப்பற்பேய்ச் சடங்கைக் கண்ணாரக் கண்டதாகத் தம் பாட்டன் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் அவ்வூர்களில் இருத்தல் கூடும். அவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் இவை.